வசனம் கேட்கவில்லை, சண்டை வந்தால் வீடு அதிர்கிறது: பழைய 5.1 செட்டை மாற்றலாமா?

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் மாடி வீடு. ஹால் 14-க்கு 12 அடி, உயரம் 10 அடி. செங்கல் சுவர், காங்கிரீட் கூரை, தரை முழுக்க டைல்ஸ். டிவிடி பிளேயரோடு ஒரே பெட்டியில் வந்த பழைய 5.1 ஹோம் தியேட்டர்தான் (முன்னால் இடம், வலம், நடுவில் சென்டர், பின்னால் இரண்டு ஸ்பீக்கர், பாஸுக்கு ஒரு சப்வூஃபர், சுருக்கமாக சப்) இன்னும் ஓடுகிறது. டிவி 55 இஞ்ச்.

ஓடிடியில் படம் போட்டால் வசனம் முணுமுணுப்பாக வருகிறது. வால்யூமை ஏற்றினால் அடுத்த காட்சியில் பாட்டோ சண்டையோ வந்து ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. ரிமோட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு படம் பார்க்க வேண்டியிருக்கிறது. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. தமிழ்ப் படத்துக்கே ஆங்கில சப்டைட்டில் போட்டுப் பார்க்கிறார்.

ஒன்றரை லட்சம் வரை ஒதுக்கலாம் என்றிருக்கிறேன். கடையில் கேட்டால் 5.1.2 அட்மாஸ் செட் (5.1-ஓடு தலைக்கு மேலிருந்து ஒலி வர இன்னும் இரண்டு ஸ்பீக்கர்) வாங்குங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். இல்லாவிட்டால் இருக்கும் ஸ்பீக்கர்களை வைத்துக்கொண்டு ஏவிஆர் (எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டும் ஆம்ப் பெட்டி) மட்டும் புதிதாக வாங்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நெல்லை வூஃபர் எழுதியது:

வாங்க. ஏவிஆர் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்வோம். சென்டர் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது? சோபா எங்கே? சப் எங்கே? டிவியிலிருந்து செட்டுக்கு எந்த ஒயரில் ஆடியோ போகிறது?

காவிரிக்கரை எழுதியது:

சென்டர் ஸ்பீக்கர் டிவி யூனிட்டின் நடுத் தட்டில், உள்ளே. தூசி படாமல் இருக்கக் கண்ணாடிக் கதவு உண்டு. சோபா பின்சுவரை ஒட்டி. சப் சோபாவுக்குப் பக்கத்து மூலையில். பின் ஸ்பீக்கர் இரண்டும் பின்சுவரில் கூரையை ஒட்டி ஆணி அடித்து மாட்டியது. டிவியிலிருந்து ஆப்டிகல் ஒயர்.

நெல்லை வூஃபர் எழுதியது:

நண்பரே, இந்த நாலு வரியிலேயே பாதிக் காரணம் தெரிந்துவிட்டது. பைசா செலவில்லாமல் இன்றைக்கே செய்யக்கூடியதை முதலில் சொல்கிறேன்.

5.1-இல் மிக்ஸ் செய்த படத்தில் வசனத்தின் பெரும்பகுதி சென்டர் ஸ்பீக்கரில்தான் வரும். அதைத் தட்டுக்குள் தள்ளிவைத்தால் ஒலி வெளியே வருமுன் மேல்பலகை, கீழ்ப்பலகை, பக்கப்பலகை எல்லாவற்றிலும் மோதுகிறது. பேச்சு பானைக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும். கண்ணாடிக் கதவைக் கழற்றுங்கள். ஸ்பீக்கரின் முகம் பலகையின் விளிம்புக்கு ஒரு விரல் அளவு முன்னால் நிற்கட்டும். காது உயரத்துக்குக் கீழே இருந்தால் முன்பக்கத்துக்கு அடியில், கதவு சாத்தாமல் இருக்கக் கொடுப்போமே அந்த ரப்பர் ஆப்பு, அதை வைத்து நிமிர்த்துங்கள். நீங்கள் சோபாவில் இருந்து பார்க்கும்போது ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) நேராக உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது சோபா. பின்சுவரை ஒட்டி உட்காருபவருக்கு பாஸ் எப்போதும் வீங்கித்தான் கேட்கும், ஏனென்றால் சுவரை ஒட்டித்தான் தாழ்ந்த ஒலியின் அழுத்தம் அதிகம். அதற்காக அறையின் நட்டநடுவுக்கும் போய்விடாதீர்கள். 14 அடி நீளத்துக்கு முதல் ஒத்ததிர்வு, அதாவது சுவருக்குச் சுவர் மோதிப் பெருகும் ஒலி, சுமார் 40 ஹெர்ட்ஸில் விழும். அகலத்துக்கு 47, உயரத்துக்கு 56. சரியாக 7 அடியில் உட்கார்ந்தால் அந்த 40 ஹெர்ட்ஸ் காணாமலே போகும். டிவி சுவரிலிருந்து ஒன்பது, ஒன்பதரை அடியில் தலை வரும்படி சோபாவை இழுத்துப் போட்டுப் பாருங்கள். சப் பின்மூலையில் கிடந்தால் மூன்று ஒத்ததிர்வையும் ஒன்றாக முடுக்கிவிடும். உங்கள் ஜன்னல் அதிர்வதற்கு அதுவே போதும்.

பின் ஸ்பீக்கர்களைக் கூரையிலிருந்து இறக்குங்கள். 5.1-க்கு அவற்றின் இடம் பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி, முன்நோக்கிலிருந்து 110 முதல் 120 டிகிரி. காதுக்கு ஓரிரு அடி மேலே இருந்தால் போதும்.

மலைக்கோட்டை எழுதியது:

நெல்லை சார் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஹாலின் நடுவில் நின்று ஒரே ஒரு முறை பலமாகக் கை தட்டுங்கள். தட்டல் முடிந்த பிறகும் ‘ட்ர்ர்ரிங்’ என்று ஸ்பிரிங் அடித்த மாதிரி ஒரு சத்தம் இழுத்துக்கொண்டு போகிறதா? எதிரெதிர் வெற்றுச் சுவர்கள் ஒலியைப் பந்தாடும் சத்தம் அது. வசனத்தில் வரும் ஒவ்வொரு மெய்யெழுத்தின் மேலும் அந்த இழுப்பு படிகிறது. எந்த விலைக்கு ஏவிஆர் வாங்கினாலும் அது போகாது.

மேட்டுத்தெரு எழுதியது:

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒன்றரை லட்சம் கையில் இருக்கும்போது ஆப்பு வை, சோபாவை நகர்த்து என்றால் எப்படி? தியேட்டரில் அட்மாஸ் 2012-இல் வந்தது, வீட்டு ஏவிஆர்களில் 2014-இலிருந்து இருக்கிறது. இன்றைக்கு வரும் பெரிய படங்கள் பல ஓடிடியில் அட்மாஸில் கிடைக்கின்றன. மழைக் காட்சியில் தலைக்கு மேலே மழை விழுவதை ஒரு தடவை கேட்டுவிட்டால் வெறும் 5.1-க்குத் திரும்ப மனசு வராது. புதிதாக வாங்குபவர் பழைய வடிவத்தில் ஏன் பணம் போட வேண்டும்?

நெல்லை வூஃபர் எழுதியது:

மேட்டுத்தெரு, மழை அருமையாகத்தான் இருக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர் கேட்ட கேள்வி அப்பாவுக்கு வசனம் கேட்கவில்லை என்பது. கூரையில் இரண்டு ஸ்பீக்கர் ஏற்றினால் வசனம் ஒரு சொல்கூடக் கூடுதலாகத் தெளிவாகாது. ஒன்றரை லட்சத்தை ஏழு ஸ்பீக்கருக்குப் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது குறைகிறது. அதில் முதலில் அடிபடுவது சென்டரும் சப்பும்தான். நல்ல 3.1 (முன்பக்கம் மூன்றும் சப்பும் மட்டும்) போட்டுவிட்டுப் பின்னால் சேர்த்துக்கொண்டே போகலாம். மட்டமான 5.1.2 வாங்கினால் பிற்பாடு எல்லாவற்றையும் தூக்கிப்போட வேண்டும்.

ரிச்சி தெரு ரசிகன் எழுதியது:

ஒரு முக்கியமான விஷயத்தை யாரும் தொடவில்லை. காவிரிக்கரை சார், டிவியின் செட்டிங்கில் சவுண்ட், டிஜிட்டல் ஆடியோ அவுட்புட் என்று இருக்கும். அதில் பிசிஎம் என்று இருக்கிறதா, ஆட்டோ அல்லது பாஸ்-த்ரூ அல்லது டால்பி டிஜிட்டல் என்று இருக்கிறதா?

காவிரிக்கரை எழுதியது:

பிசிஎம் என்று இருக்கிறது. அதைத் தொட்டதே இல்லை.

ரிச்சி தெரு ரசிகன் எழுதியது:

நினைத்தேன். ஆப்டிகல் ஒயரில் பிசிஎம் என்றால் இரண்டே சேனல்தான் போகும். ஓடிடி 5.1 கொடுக்கிறது, டிவி அதை மடக்கி ஸ்டீரியோவாக்கி அனுப்புகிறது, உங்கள் செட் அந்த இரண்டையும் எடுத்து ஐந்து ஸ்பீக்கருக்கும் பரப்புகிறது. அதாவது சென்டரில் இருக்க வேண்டிய வசனம், பாட்டோடும் பின்னணி இசையோடும் கலந்து வீடு முழுக்கச் சிதறி வந்துகொண்டிருக்கிறது. டால்பி டிஜிட்டலுக்கு மாற்றுங்கள். செட்டின் டிஸ்பிளேயில் டால்பி என்று எழுத்து வர வேண்டும். ஓடிடி ஆப்பிலும் படத்தின் ஆடியோ மொழி எழுதிய இடத்தில் 5.1 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பழைய தமிழ்ப் படங்கள் பலவற்றுக்கு ஸ்டீரியோ மட்டும்தான் இருக்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

இனி எந்த ஒயர் எதைத் தூக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைகளில் இதை வைத்துத்தான் குழப்புகிறார்கள். ஆப்டிகல்: பழைய டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் 5.1 வரை. ஓடிடி அட்மாஸ் ‘டால்பி டிஜிட்டல் பிளஸ்’ என்ற பொதிக்குள் வருகிறது, ஆப்டிகல் அதைத் தூக்காது. டிவியும் ஏவிஆரும் அந்தப் பொதியை அனுப்பவும் வாங்கவும் தெரிந்தவையாக இருந்தால், எச்டிஎம்ஐ ஆர்க் (டிவியின் ஒலியை ஏவிஆருக்குத் திருப்பி அனுப்பும் எச்டிஎம்ஐ வழி) அதைத் தூக்கிவிடும். அதன் மேம்பட்ட வடிவமான ஈ-ஆர்க் எப்போது வேண்டும் என்றால், முக்கியமாக புளூரே டிஸ்க்கில் இருக்கும் இழப்பில்லாத ட்ரூ-எச்டியை டிவி வழியாக ஏவிஆருக்கு அனுப்பும்போது. புளூரே பிளேயரை நேராக ஏவிஆரில் செருகினால் அந்தத் தேவையும் இல்லை. ஆகவே ஈ-ஆர்க் இல்லாததற்காக மட்டும் யாரும் நல்ல டிவியை மாற்ற வேண்டாம்.

காவிரிக்கரை எழுதியது:

மாற்றினேன். சென்டரையும் வெளியே இழுத்து வைத்து, சோபாவை முன்னால் போட்டேன். உண்மையிலேயே பேச்சு இப்போது டிவியிலிருந்து வருகிறது. அப்பா பாதிப் படம் சப்டைட்டில் இல்லாமல் பார்த்தார். இருந்தாலும் மெதுவாகப் பேசும் இடங்கள் இன்னும் மங்கல்தான். மலைக்கோட்டை மேடம் சொன்ன மாதிரி கை தட்டினேன், ஸ்பிரிங் சத்தம் நன்றாகவே கேட்கிறது. அதற்கு என்ன செய்வது? சுவரில் முட்டைத் தட்டு ஒட்டலாமா என்று தம்பி கேட்கிறான்.

மலைக்கோட்டை எழுதியது:

முட்டைத் தட்டு வேண்டவே வேண்டாம். மெல்லிய காகிதக் கூழ், பேச்சு இருக்கும் அலைவரிசையில் ஏறக்குறைய ஒன்றும் உறிஞ்சாது, தீப்பிடித்தால் ஆபத்து வேறு.

எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். 4-க்கு 2 அடியில் மரச் சட்டம், 2 இஞ்ச் கனம். தச்சரிடம் ஜன்னல் வலைச் சட்டம் மாதிரி என்றால் புரிந்துகொள்வார். உள்ளே 50 மில்லிமீட்டர் ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) பலகை. அது ஏசி குழாய், குளிர்பதன வேலைக்குச் சரக்கு விற்கும் கடைகளில் கிடைக்கும். கையாளும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம், தோலில் பட்டால் அரிக்கும். சுற்றி காடாத் துணி. துணி வாங்கும்போது ஒரு சோதனை: துணியை வாயில் வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் தாராளமாக வர வேண்டும். ரெக்சின், பளபளப்பு பாலியெஸ்டர் எல்லாம் ஒலியைத் திருப்பி அடித்துவிடும். காடாவை விருப்பப்பட்ட நிறத்தில் சாயம் போட்டு ஸ்டேப்ளர் அடித்துவிட்டால் பார்க்கவும் லட்சணமாக இருக்கும்.

எங்கே மாட்டுவது? நீங்கள் சோபாவில் உட்காருங்கள், தம்பியைப் பக்கச் சுவரோடு ஒரு கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகச் சொல்லுங்கள். எந்த இடத்தில் கண்ணாடியில் முன் ஸ்பீக்கர் தெரிகிறதோ அதுதான் இடம். இரண்டு பக்கச் சுவரிலும் அப்படிப் பார்த்து மாட்டுங்கள். சுவரோடு ஒட்டாமல் 2 இஞ்ச் இடைவெளி விட்டால் இன்னும் தாழ்ந்த ஒலியையும் பிடிக்கும். பிறகு தலைக்குப் பின்னால் சுவரில் ஒன்றோ இரண்டோ.

தரைக்கு ஜமுக்காளம் விரிக்கலாம், ஆனால் பவானி ஜமுக்காளம் மெல்லியது, அது கீச்சென்ற உச்ச ஒலியை மட்டும் கொஞ்சம் தணிக்கும். அதன் அடியில் பழைய இலவம்பஞ்சு மெத்தை விரிப்பு ஒன்று போட்டால் பலன் கூடும். சுவரை விட அகலமாகத் தைத்து மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த திரை, புத்தகம் நிறைந்த அலமாரி, எல்லாமே உதவும்.

ஸ்கார்பரோ வாசி எழுதியது:

கனடாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பேஸ்மெண்டில் ஹோம் தியேட்டர் இருக்கிறது. இந்த இழையைப் படித்தபோதுதான் ஊரில் ஏன் அண்ணன் வீட்டில் அதே மாடல் சப் அப்படி முழங்குகிறது என்று விளங்கியது. இங்கே சுவர் என்பது மரச் சட்டத்தின் மேல் அரை இஞ்ச் ஜிப்சம் பலகை. பாஸ் வந்தால் சுவர் தானும் கொஞ்சம் அசைந்து அந்தச் சக்தியைத் தின்றுவிடும், மிச்சம் பலகை வழியாக வெளியே போய்விடும். தரையில் கனத்த கார்ப்பெட். அதனால் இங்கே 12 இஞ்ச் சப் இரண்டு வைத்தும் கட்டுக்குள் இருக்கிறது. ஊரில் ஒன்பது இஞ்ச் செங்கல் சுவரும் காங்கிரீட்டும் எதையும் தின்னாது, அப்படியே திருப்பி அனுப்பும். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து அதே அளவு சப் வாங்காதீர்கள். ஊரில் சின்ன சப்பே நிறையப் பேசும், ஆனால் வைக்கும் இடம் இங்கே இருப்பதை விடப் பல மடங்கு முக்கியம்.

நெல்லை வூஃபர் எழுதியது:

ஸ்கார்பரோ அண்ணா சொன்னது நூற்றுக்கு நூறு. நம்மூர் யோசனைகளில் அடிக்கடி விட்டுப்போவது இதுதான்.

சப்புக்கு இடம் கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று உண்டு. சப்பைத் தூக்கி சோபாவில், நீங்கள் உட்காரும் இடத்திலேயே வையுங்கள். ஒரே சீராக பாஸ் கிடார் போகும் பாட்டு ஒன்றை ஓடவிடுங்கள். பிறகு நீங்கள் தரையில் முழங்காலிட்டு, சப்பை வைக்க வாய்ப்பிருக்கும் இடங்களிலெல்லாம் காதைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டே போங்கள். ஒரு இடத்தில் எல்லாச் சுரமும் ஒரே முழக்கமாக இருக்கும், இன்னோர் இடத்தில் சில சுரம் தொலைந்துபோகும், எங்கோ ஓரிடத்தில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகச் சமமாகக் கேட்கும். அங்கே சப்பை வையுங்கள். வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்கிறாய் என்று கேட்பார்கள், பரவாயில்லை.

இனி உங்கள் முதல் கேள்வி. பழைய ஸ்பீக்கர்களைப் புதிய ஏவிஆரில் போடாதீர்கள். பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள், இந்த வகைப் பெட்டி செட்களில் 3 ஓம் என்று இருப்பது சகஜம். ஏவிஆர்கள் பெரும்பாலும் 4 அல்லது 6 ஓமுக்குக் கீழே போகக்கூடாது என்று கையேட்டிலேயே சொல்லும். சூடாகிப் பாதுகாப்பு மோடுக்குப் போகும், அல்லது ஒருநாள் அவுட்புட் போய்விடும். பழைய சப்புக்குள் ஆம்ப் கிடையாது, செட்தான் அதை ஓட்டியது. ஏவிஆரில் சப்புக்கு இருப்பது சின்ன சிக்னல் அவுட் மட்டும். சொந்த ஆம்ப் உள்ள சப்தான் வாங்க வேண்டும்.

காவிரிக்கரை எழுதியது:

பார்த்தேன், 3 ஓம்தான். அப்படியானால் எதை எந்த வரிசையில் வாங்குவது?

நெல்லை வூஃபர் எழுதியது:

முதலில் முன்பக்கம் மூன்றும், ஒரே கம்பெனி, ஒரே சீரிஸில். ஒருவர் பேசிக்கொண்டே திரையில் இடமிருந்து வலம் நடந்தால் குரல் மாறக் கூடாது, அதற்காகத்தான். சின்ன புக்‌ஷெல்ஃப் இரண்டும் அதற்கு இணையான சென்டரும் போதும், உங்கள் அறைக்குத் தரையில் நிற்கும் உயரமான டவர் ஸ்பீக்கர் தேவையில்லை. அடுத்து 10 இஞ்ச் பவர்டு சப் ஒன்று. ஏவிஆர் 7 சேனல் உள்ளதாக வாங்குங்கள், டெனான் எக்ஸ்1800எச், யமஹா ஆர்எக்ஸ்-வி6ஏ மாதிரியானவை. இப்போது அதில் 3.1 மட்டும் போடுங்கள். அடுத்த போனஸில் சரவுண்ட், அதாவது பின் ஸ்பீக்கர், இரண்டு, அதற்கடுத்து மேட்டுத்தெரு ஆசைப்படும் கூரை ஸ்பீக்கர் இரண்டு. ஏவிஆர் மாற்றாமலே 5.1.2 ஆகிவிடும். பட்ஜெட்டில் ஏவிஆருக்குப் பாதிக்கு மேல் போக விடாதீர்கள்.

வாட்ஸ் கணக்குப் பார்த்து மயங்க வேண்டாம். 87 டெசிபல் திறனுள்ள ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 87 டெசிபல். உங்கள் சோபா இருக்கும் மூன்று மீட்டரில் எண்பதுக்குக் கொஞ்சம் கீழே வரும். அது சாதாரணப் பேச்சை விட நன்றாகவே உரக்கம். வாட்ஸ் தேவைப்படுவது வெடிச்சத்தம் மாதிரியான நொடிநேர உச்சங்களுக்கு. 20 டெசிபல் கூட வேண்டும் என்றால் நூறு மடங்கு சக்தி.

மேட்டுத்தெரு எழுதியது:

7 சேனல் ஏவிஆர், பிறகு ஏற்றிக்கொள்வது என்றால் எனக்கும் சம்மதம்தான். ஆனால் கூரைக்குப் போகும் ஒயருக்கு இப்போதே வழி செய்துவிடச் சொல்லுங்கள். அப்புறம், மேல்நோக்கி அடித்துக் கூரையில் மோதித் திரும்பும் வகை ஸ்பீக்கர் வாங்கினால் சுலபம் இல்லையா?

ஸ்கார்பரோ வாசி எழுதியது:

கூரை தட்டையாகவும் எட்டிலிருந்து பன்னிரண்டு அடிக்குள்ளும் இருந்தால் அந்த வகை ஓரளவு வேலை செய்யும்.

மலைக்கோட்டை எழுதியது:

ஒரு தடை இருக்கிறது: மின்விசிறி. நம்மூர் ஹாலில் ஃபேன் சரியாக நடுக்கூரையில் தொங்கும். முன்னாலிருந்து ஏறும் ஒலி கூரையைத் தொட்டு இறங்கும் பாதையில் இறக்கை குறுக்கே சுற்றிக்கொண்டிருந்தால் மழை துண்டு துண்டாகத்தான் விழும். ஏசி போட்டு ஃபேனை நிறுத்துபவர்களுக்குச் சரி. மற்றவர்கள் சின்ன ஸ்பீக்கர் இரண்டைத் தாங்கி வைத்து நேராகக் கூரையில் மாட்டுவதே மேல். ஓட்டு வீடு, சாய்ந்த கூரை என்றால் மேல்நோக்கி அடிக்கும் வகை அறவே ஆகாது.

பந்தல் சவுண்ட் எழுதியது:

மதுரைப் பக்கம் கல்யாணம், திருவிழாவுக்கு சவுண்ட் சர்வீஸ் செய்பவன் நான். வீட்டு செட் என் துறை அல்ல, ஆனால் ஒயரும் கரண்டும் எல்லாருக்கும் ஒன்றுதான், அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன் தம்பி.

கடையில் சிவப்பு-கறுப்பு தட்டை ஒயரைச் சுருட்டி மலிவாகக் கொடுப்பார்கள். வாங்குமுன் ஒரு இழையை எடுத்துப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். கடல் காற்றுள்ள ஊரில் முனை வெகு சீக்கிரம் அரித்துப் பொடியாகும். வீட்டு வயரிங்குக்குப் போடும் பல இழைச் செம்பு ஒயரே ஸ்பீக்கருக்குத் தாராளம். முன் ஸ்பீக்கருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், பின்னாலும் கூரைக்கும் சுற்றிப் போகும் நீள ஓட்டத்துக்கு 2.5. பதினைந்து மீட்டர் ஓட்டத்தில் 1.5 போட்டால் போக வர எதிர்ப்பு சுமார் 0.4 ஓம், 8 ஓம் ஸ்பீக்கரில் அது இருபதில் ஒரு பங்கு. அதற்கு மேல் போனால் கனத்தைக் கூட்டுங்கள். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் ஒயர் எதுவும் தேவையில்லை. பிளஸ், மைனஸ் இரண்டு முனையிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று மட்டும் இரண்டு முறை பாருங்கள். ஒரு ஸ்பீக்கர் மாறிப்போனால் பாஸ் கரைந்துபோகும்.

சப்பில் ‘ம்ம்ம்’ என்று உறுமல் வந்தால் சப் கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் அல்லது டிஷ் ஒயரை ஒரு நிமிடம் கழற்றுங்கள். உறுமல் நின்றால் எர்த் இரண்டு வழியாகச் சுற்றுகிறது என்று பொருள். ஏவிஆர், டிவி, சப் மூன்றையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுத்துப் பாருங்கள், பல வீடுகளில் அதிலேயே சரியாகலாம். ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்: உறுமலை நிறுத்த எர்த் பின்னைப் பிடுங்குவது. உயிரோடு விளையாடுவது அது. சிலர் அதையே வைத்தியமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள், கேட்டால் வயிறு எரிகிறது.

இடி மின்னல் வரும் போலிருந்தால், தொடங்குமுன்பே பிளக்கைப் பிடுங்குவது மட்டும் போதாது. டிஷ் ஒயரையும் கழற்றிவிடுங்கள். மின்னல் அடிக்கும்போது கூரை மேல் இருக்கும் டிஷ் வழியாக இறங்கி, பாக்ஸ், எச்டிஎம்ஐ ஒயர், ஏவிஆர் என்று வரிசையாகச் சாப்பிட்டுவிட்டுப் போகும்.

ரிச்சி தெரு ரசிகன் எழுதியது:

பந்தல் அண்ணன் வாக்கு பொன். நானும் கேட்க நினைத்தேன், காவிரிக்கரை சார் போர்டு வாங்கி ஆம்ப் அசெம்பிள் செய்ய யோசித்தாரா? டிடிஏ7294 ஐசி போட்ட 5.1 போர்டும் ட்ரான்ஸ்ஃபார்மரும் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிக் கட்டினால் ஏவிஆரின் விலையில் சின்னப் பங்குதான் ஆகும். சத்தமும் சுத்தமாக வரும், நானே கட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்துக்கும் ஏற்றபடி தாமதம் வைப்பது, 80 ஹெர்ட்ஸில் பாஸைப் பிரித்து சப்புக்கு அனுப்புவது, அறைத் திருத்தம், இதெல்லாம் அந்தப் போர்டுகளில் பெரும்பாலும் இருக்காது. பாட்டுக்கு அசெம்பிள், படத்துக்கு ஏவிஆர் என்பது என் கருத்து.

காவிரிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஒரே சீரிஸில் முன்பக்கம் மூன்று, 10 இஞ்ச் சப், 7 சேனல் டெனான் வாங்கியாயிற்று. மலைக்கோட்டை மேடம் சொன்ன சட்டம் நாலு செய்து மாட்டினோம், காடாத் துணிக்கு அம்மா மாந்தளிர் நிறச் சாயம் போட்டார்கள். இப்போது ஆடிஸி (ஏவிஆரே மைக் வைத்து அறையை அளந்து ஒலியைத் திருத்தும் வசதி) அளவெடுப்பு செய்ய வேண்டும். எதைக் கவனிக்க வேண்டும்?

நெல்லை வூஃபர் எழுதியது:

அருமை. மைக்கைக் கையில் பிடிக்காதீர்கள், சோபா முதுகில் சாய்த்தும் வைக்காதீர்கள். கேமரா முக்காலியில், காது உயரத்தில், நுனி கூரையைப் பார்த்து நிற்க வேண்டும். ஃபேன், ஏசி, முடிந்தால் ஃபிரிட்ஜும் நிறுத்துங்கள். தெருவில் வண்டி குறைந்த நேரமாகப் பாருங்கள். முதல் அளவு சரியாக நடு இருக்கையில், மற்றவை அதைச் சுற்றி ஒன்றிரண்டு அடிக்குள். சோபாவின் கடைசி முனைக்கும் எதிர்ச் சுவருக்கும் போய் அளக்க வேண்டாம்.

முடிந்ததும் பாருங்கள். ஸ்பீக்கர்களை ‘லார்ஜ்’ என்று போட்டிருந்தால் எல்லாவற்றையும் ‘ஸ்மால்’ ஆக்கி கிராஸ்ஓவர் (இதற்குக் கீழே உள்ள பாஸ் சப்புக்குப் போகும்) 80 ஹெர்ட்ஸ் வையுங்கள். சப்பின் தூரம் டேப்பில் அளந்ததை விட அதிகமாகக் காட்டினால் திருத்தாதீர்கள். சப்புக்குள் இருக்கும் மின்சுற்றின் தாமதத்தையும் அது தூரமாகக் கணக்கிடுகிறது. சென்டரை 2 டெசிபல் ஏற்றிக்கொள்ளுங்கள், அப்பாவுக்காக.

இரவில் மெதுவாகப் பார்க்கும்போது டைனமிக் ஈக்யூ போடுங்கள். சத்தம் குறையக் குறைய நம் காது தாழ்ந்த ஒலியை வேகமாக இழக்கும், ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டியது. அதைத்தான் ஈடுகட்டுகிறது. ஓடிடிக்கு அதன் ‘ரெஃபரன்ஸ் ஆஃப்செட்’டை 10 வையுங்கள், இல்லாவிட்டால் பாஸ் தூக்கலாக இருக்கும். அதோடு டைனமிக் வால்யூம் ‘லைட்’ போட்டால் வசனத்துக்கும் சண்டைக்கும் இடையிலான மேடுபள்ளம் குறையும். கீழ் வீட்டில் ஆள் இருந்தால் பத்து மணிக்கு மேல் சப்பின் அளவையும் இறக்குங்கள். ரப்பர் பாதம் வைத்தால் போதும் என்பார்கள், காங்கிரீட் வழியாக இறங்கும் பாஸ் அதற்கு முழுதாக நிற்காது.

காவிரிக்கரை எழுதியது:

செய்தேன். ‘லார்ஜ்’ என்றுதான் போட்டிருந்தது, மாற்றிவிட்டேன். நேற்று இரவு அப்பா சப்டைட்டிலை அணைக்கச் சொன்னார், எழுத்து படத்தை மறைக்கிறதாம். வால்யூமை ஒரு முறைகூடத் தொடவில்லை. ஒரு சந்தேகம்: சப்பின் பின்னால் ‘ஃபேஸ்’ என்று ஒரு ஸ்விட்ச், 0, 180 என்று இருக்கிறது. எதில் வைப்பது?

நெல்லை வூஃபர் எழுதியது:

80 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஸ்டீரியோவில் ஓடவிட்டு நீங்கள் சோபாவில் உட்காருங்கள், தம்பி ஸ்விட்சை மாற்றட்டும். எதில் உரக்கக் கேட்கிறதோ அதில் விட்டுவிடுங்கள். ஸ்பீக்கரும் சப்பும் சேர்ந்து தள்ளுகின்றன என்று அர்த்தம்.

மேட்டுத்தெரு எழுதியது:

வாழ்த்துகள் சார். கூரைக்கு எப்போது?

காவிரிக்கரை எழுதியது:

தீபாவளிக்குப் பிறகு சரவுண்ட், கூரை அடுத்த வருடம். தம்பி பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறான், அவன் ஹாலுக்கு இப்போதே என்ன சொல்லி வைக்க வேண்டும்?

பந்தல் சவுண்ட் எழுதியது:

கூரைக்குக் கம்பி கட்டி முடித்ததும், காங்கிரீட் போடுமுன், டிவி சுவரிலிருந்து கூரையில் நாலு இடத்துக்குத் தனித்தனியாகக் குழாய் போடச் சொல்லுங்கள். சரவுண்ட் இருக்கும் பக்கச் சுவர்களுக்கும் பின்சுவருக்கும் பூச்சு வேலைக்கு முன். 25 மில்லிமீட்டர் பிவிசி, வளைவுகள் பெரிதாக, ஒவ்வொன்றிலும் இழுக்கும் கம்பி ஒன்று உள்ளேயே கிடக்கட்டும். கரண்டு ஒயர் போகும் குழாயில் இதைச் சேர்க்க வேண்டாம். எலக்ட்ரீஷியன் சேர்த்துவிடலாம் என்பார், விடாதீர்கள். டிவிக்கும் ஏவிஆருக்கும் நடுவில் மட்டும் 50 மில்லிமீட்டர் குழாய், எச்டிஎம்ஐ முனை அதில்தான் நுழையும்.